வாசகர் கேட்டவை: தரங்கம்பாடிக்கு வந்த கப்பல் கேண்டனுக்கும் போனதே?

பொறையார், தரங்கம்பாடி பக்கம் லுத்தரன் (மார்ட்டின் லூதர் வழிப் புராட்டஸ்டண்ட்) மிஷன் என்றால் பேச்சு சீகன்பால்கில் தொடங்கி அவரிலேயே முடிந்துவிடும். அதே மரபு சீனத்துக்கும் போனது என்று சென்ற இதழில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தோம். அதைப் பிடித்துக்கொண்டு டெல்டா முழுவதிலிருந்தும் கடிதங்கள் வந்துவிட்டன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

டேனிஷ்காரர்களின் கப்பல் இங்கேயும் வந்தது, சீனத்துக்கும் போனது. 1706லேயே இங்கே ஆள் இறக்கியவர்கள் அங்கே ஏன் இறக்கவில்லை?
(தரங்கம்பாடி வாசகர்)

ஆசை இல்லாமல் இல்லை. தத்துவஞானி லைப்னிட்ஸ் 1697ல் சீனச் செய்திகளைத் தொகுத்து லத்தீனில் ஒரு நூல் வெளியிட்டார். இயேசு சபையார் கணிதத்தையும் வானியலையும் கையில் வைத்துக்கொண்டு பீக்கிங் அரண்மனைக்குள் போய்விட்டார்கள், புராட்டஸ்டண்டுகள் என்ன செய்கிறார்கள் என்பது அதில் அவர் எழுப்பிய கேள்வி. ஜெர்மனியின் ஹாலே நகரத்து லுத்தரன் போதகர் ஃபிராங்கே அந்த நூலைப் படித்து அவரோடு கடிதத் தொடர்பும் வைத்துக்கொண்டார். ஆனால் பணத்தோடும் கப்பலோடும் முன்வந்தவர் டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரடெரிக். அவர் கொடி பறந்த ஊர் தரங்கம்பாடி. ஃபிராங்கேயிடம் படித்த சீகன்பால்கும் புளூட்சாவும் 1706 ஜூலை 9ஆம் தேதி இங்கே வந்து சேர்ந்தது அப்படித்தான். (இதே ஹாலேயில்தான் பேராசிரியர் வோல்ஃப் 1721ல் கன்ஃபூசியஸைப் புகழ்ந்து ஒரு சொற்பொழிவு ஆற்றினார். கிறிஸ்தவம் அறியாமலே சீனர்கள் ஒழுக்கத்தோடு வாழ்ந்தார்கள் என்ற கருத்து அங்கிருந்த, பயட்டிஸ்ட் எனப்பட்ட லுத்தரன் பக்தி இயக்கத்தாருக்குப் பொறுக்கவில்லை. 1723ல் அவர் ஊரைவிட்டே வெளியேற்றப்பட்டார்.)

டேனிஷ் ஆசியக் கம்பெனி 1732ல் தொடங்கியது. கேண்டன் (தென்சீனத் துறைமுகம், இன்றைய குவாங்ஜோ) வியாபாரம், தரங்கம்பாடி வியாபாரம் இரண்டுமே அதன் கையில். கப்பல் இருந்தும் பாதிரியார் இறங்க முடியாததற்குக் காரணம் இரண்டு ஊர்களின் நிலைமை. தஞ்சை ரகுநாத நாயக்கரோடு 1620ல் செய்துகொண்ட உடன்படிக்கையால் இங்கே டேனிஷ்காரர்களுக்குக் கோட்டை, கவர்னர், சட்டம் எல்லாம் சொந்தமாக இருந்தன. அப்படி இருந்தும் 1708ல் கோட்டைத் தலைவர் ஹாசியுஸ் சீகன்பால்கைச் சில மாதங்கள் சிறையில் வைத்தார். கேண்டனில் நிலைமை நேர் எதிர். வாடகைக்கு எடுத்த கிடங்கு வீடு, அதுவும் வியாபாரப் பருவத்துக்கு மட்டும். பருவம் முடிந்ததும் மக்காவோவுக்குப் போய்விட வேண்டும். வெளிநாட்டுப் பெண்கள் உள்ளே வரவே கூடாது. 1724ல் யுங்செங் பேரரசர் கிறிஸ்தவத்துக்குத் தடை போட்டார். வெளிநாட்டவருக்குச் சீன மொழி கற்றுக்கொடுப்பது குற்றம். ஆங்கில வியாபாரி ஒருவருக்கு மனு எழுத உதவிய லியூ யாபியன் என்பவர் 1759ல் மரண தண்டனை பெற்றார். ஒதுங்கலாம் என்றால் மக்காவோ போர்ச்சுகீசியக் கத்தோலிக்கர் ஊர்.

இங்கே சீகன்பால்கு திண்ணைப் பள்ளி வாத்தியாரை அழைத்துவந்து, பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார். அங்கே அதைச் செய்தால் வாத்தியாரின் தலைக்கே ஆபத்து. 1807ல் போன மாரிசன் (லண்டன் மிஷன், லுத்தரன் அல்ல) ஆங்கிலக் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளர் வேலை வாங்கிக்கொண்டுதான் கேண்டனில் நிலைக்க முடிந்தது. 1842ல் நான்கிங் உடன்படிக்கை ஐந்து துறைமுகங்களைத் திறந்தது. லுத்தரன் சங்கங்கள் அதற்குப் பிறகுதான் முறையாக வந்தன. அந்தக் கதவு ஆங்கிலேயர் சீனத்தோடு நடத்திய அபினிப் போரால் திறந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் பின்னால் நடந்த எதையும் புரிந்துகொள்ள முடியாது.

குட்ஸ்லாஃப் என்பவரைச் சிலர் சீனத்தின் அப்போஸ்தலர் என்கிறார்கள், சிலர் அபினிக் கப்பல் பாதிரியார் என்கிறார்கள். எது சரி? அவர் ஏமாற்றப்பட்டார் என்கிறார்களே, எப்படி?
(பொறையார், கல்லூரி மாணவி)

இரண்டும் சரி. கார்ல் குட்ஸ்லாஃப் 1803ல் பொமரேனியாவின் பிரிட்ஸ் ஊரில் பிறந்தார். பெர்லினில் யேனிக்கே நடத்திய மிஷன் பள்ளியில் படித்து, டச்சு மிஷன் சங்கத்தின் மூலம் 1827ல் பட்டேவியா (இன்றைய ஜகார்த்தா) வந்து, பிறகு சங்கத்தை விட்டுவிட்டுத் தனி ஆளானவர். மொழி அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. சீனக் கரையோரமாகப் பலமுறை பயணம் செய்தார். அவற்றில் 1832–33 பயணம் ஜார்டின் கம்பெனி அனுப்பிய 'சில்ஃப்' என்ற கப்பலில். அது அபினி விற்கப் போன கப்பல். இவர் துபாஷி வேலை பார்த்துக்கொண்டே கரையில் துண்டுப் பிரதிகளைக் கொடுத்தார். அபினிப் போரில் ஆங்கிலேயருக்கு மொழிபெயர்ப்பாளர், போருக்குப் பின் ஹாங்காங் அரசில் சீனச் செயலாளர். சம்பளத்தின் பெரும்பகுதியை மிஷனுக்கே செலவு செய்தார் என்பதும் உண்மை.

1844ல் அவர் தொடங்கிய சீனச் சங்கத்தின் திட்டம் கேட்க நன்றாகவே இருந்தது. வெளிநாட்டவர் உள்நாட்டுக்குப் போகக் கூடாது, சீனர் போகலாம். ஆகவே சீனரையே உபதேசியாராக்கி மாகாணம் மாகாணமாக அனுப்புவது. நடைமுறை இப்படி: ஆள் வந்து சில காலம் பாடம் கேட்பார். வழிச்செலவுப் பணமும் ஒரு கட்டுப் புத்தகமும் கொடுத்து அனுப்புவார்கள். திரும்பி வந்து எங்கே போனேன், எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேர் ஞானஸ்நானத்துக்குத் தயார் என்று அறிக்கை தருவார். அடுத்த பயணத்துக்குப் பணம். சில ஆண்டுகளில் உறுப்பினர் கணக்கு ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. ஐரோப்பாவில் அந்த அறிக்கைகளைப் படித்தவர்கள் சீனமே மனம் திரும்பப் போகிறது என்று நினைத்தார்கள்.

ஓட்டை எங்கே என்றால், பணம் பயணத்துக்கு முன்பே கையில். போன இடத்தைப் பார்த்துவர ஆள் கிடையாது. அறிக்கை எழுதுபவரும் அதனால் பலன் பெறுபவரும் ஒருவரே. சிலர் ஹாங்காங்கை விட்டு நகராமலே தூர தேசத்துப் பயணக் கதை சொன்னார்கள். சிலர் புத்தகக் கட்டை அச்சிட்டவரிடமே விற்றார்கள், அவர் அதையே புதிதாக அச்சிட்டது என்று மறுபடியும் குட்ஸ்லாஃபுக்கு விற்றார். சீன மரப்பலகை அச்சுப் புத்தகம் மெல்லிய தாள், கனமில்லாதது, எந்தப் பிரதி பழையது எந்தப் பிரதி புதியது என்று கண்டுபிடிக்க வழியில்லை. அரசு வேலையோடு இதையும் ஒரே ஆளாக நடத்தியவருக்குச் சரிபார்க்க நேரமும் இல்லை; சரிபார்க்கும் மனமும் இல்லை என்றே சொல்ல வேண்டும்.

1849ல் அவர் ஐரோப்பாவில் ஊர் ஊராகப் பேசி ஆதரவு திரட்டப் போனார். பொறுப்பில் விட்டுப்போன, சுவிட்சர்லாந்தின் பாசல் மிஷனைச் சேர்ந்த தியோடோர் ஹாம்பெர்க், வந்து போனவர்களைத் தனித்தனியாகக் குறுக்குக் கேள்வி கேட்க ஆரம்பித்ததும் எல்லாம் உடைந்தது. குட்ஸ்லாஃப் திரும்பி வந்து 1851 ஆகஸ்டில் ஹாங்காங்கிலேயே இறந்தார்.

எல்லோரும் போலி என்று முடிவுகட்டிவிட வேண்டாம். அந்தச் சங்கத்திலிருந்து வந்த வாங் யுவான்ஷென் ஜெர்மனியின் ரைன் மிஷனில் நல்ல உபதேசியாராக உழைத்தார். அவர் மகன் ஹாங்காங்கில் போதகர். பேரன் வாங் சுங்ஹுய் சீனக் குடியரசின் வெளியுறவு அமைச்சராகவும் ஹேக் சர்வதேச நீதிமன்றத்தில் நீதிபதியாகவும் இருந்தவர்.

தைப்பிங் கலகத் தலைவர் லுத்தரன் மிஷனில் படித்தவரா?
(மயிலாடுதுறை வாசகர்)

இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சீனப் பேரரசை எதிர்த்த அந்தக் கலகத்தின் தலைவர் ஹோங் சியுசுவான் முதலில் படித்தது லண்டன் மிஷனைச் சேர்ந்த லியாங் ஃபா எழுதிய துண்டுப் பிரதி. பிறகு கேண்டனில் சில வாரம் பாடம் கேட்டது அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி ராபர்ட்ஸிடம். லுத்தரன் தொடர்பு வேறு வகை. தைப்பிங்குகள் அச்சிட்ட வேதாகமத்துக்கு அடிப்படை குட்ஸ்லாஃப் கை வைத்த மொழிபெயர்ப்பு. ஹோங் சியுசுவானின் உறவினர் ஹோங் ரெங்கான் 1852ல் ஹாம்பெர்கிடம் வந்து குடும்ப வரலாற்றைச் சொன்னார். ஹாம்பெர்க் அதை 1854ல் ஆங்கிலத்தில் புத்தகமாக்கினார். கலகத்தின் தொடக்கம் பற்றி இன்றும் ஆய்வாளர்கள் முதலில் எடுப்பது அதைத்தான். ஹாம்பெர்க் அதே ஆண்டு காலமானார்.

பாசல் மிஷன் என்றால் மங்களூர் ஓடுதான் எங்களுக்குத் தெரியும். அவர்கள் சீனத்தில் ஹக்கா மக்களிடம் போனது ஏன்? நம் ஊர் சபைகளில் இருந்த சாதிப் பிரச்சினை மாதிரி அங்கே ஏதும் இருந்ததா?
(தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்)

அதே பாசல்தான். மங்களூருக்கு 1834ல் வந்தவர்கள், ஹாங்காங்குக்கு 1847 மார்ச்சில் போனார்கள். லுத்தரன், சீர்திருத்த சபை இரண்டும் கலந்த சங்கம். போனவர்களில் பெரும்பாலோர் தென்ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் லுத்தரன்கள்.

முதல் அணியில் நால்வர். பாசலிலிருந்து ஹாம்பெர்கும் ருடால்ஃப் லெக்லரும், ரைன் மிஷனிலிருந்து கெனேரும் கோஸ்டரும். குட்ஸ்லாஃப் இவர்களை மொழிவாரியாகப் பிரித்தார். கேண்டனீஸ் பேசும் பூர்வகுடிகளான புந்தி மக்களிடம் ரைன்காரர்கள், ஹக்காவிடம் ஹாம்பெர்க், தியோசியூ பேசும் பகுதிக்கு லெக்லர். கோஸ்டர் சில மாதங்களில் இறந்தார். லெக்லர் தன் பகுதியில் காலூன்ற முடியாமல் 1852ல் ஹக்கா பணிக்கே வந்து, 1899 வரை இருந்தார்.

ஹக்காக்கள் வடக்கிலிருந்து பின்னால் வந்து குடியேறியவர்கள். நல்ல வயல் புந்திகளிடம், மேட்டு நிலமும் குத்தகையும் ஹக்காக்களிடம். 1855 முதல் சுமார் பன்னிரண்டு ஆண்டுகள் இருவருக்கும் பெரும் சண்டை நடந்தது. பலமில்லாத பக்கம் வெளியிலிருந்து வந்த துணையை ஏற்றுக்கொண்டது என்று ஒரே வரியில் சொல்லிவிடுபவர்கள் உண்டு. பாதி சரி. மீதிப் பாதி, நல்ல உள்ளூர் ஆட்கள் கிடைத்தார்கள் என்பது. ஜாங் ஃபூசிங் என்பவர் 1850களின் தொடக்கத்தில் தன் ஊரான வூஹுவா பக்கம் திரும்பிப் போய்த் தானாகவே சபை சேர்த்தார். மிஷனரி ஒருவர் அந்த ஊரை நேரில் பார்க்கச் சுமார் பத்து ஆண்டு ஆனது. குட்ஸ்லாஃப் காகிதத்தில் கண்ட கனவு இங்கேதான் நிஜமாக நடந்தது, அதுவும் பயணப்படி இல்லாமல்.

குட்ஸ்லாஃப் விஷயத்தில் பட்ட சூட்டினால் பாசல்காரர்கள் கறாராகவே இருந்தார்கள். ஞானோபதேசம் மனப்பாடம், நடத்தை பற்றி ஊரில் விசாரணை, மூப்பர் முன்னிலையில் கேள்வி, அதன் பிறகே ஞானஸ்நானம். அபினி, சூதாட்டம், மறுமனைவி, முன்னோர் பலகைக்குப் படையல் எல்லாவற்றுக்கும் தடை. இதில் கடைசியாகச் சொன்னதுதான் குடும்பங்களைப் பிளந்தது. சீன ஊரில் ஒரு வம்சத்துக்குப் பொது நிலம் இருக்கும். அதன் வருமானத்தில் முன்னோர் வழிபாடு, மிச்சம் பங்காளிகளுக்கு. வழிபாட்டுக்கு வராதவனுக்குப் பங்கு கிடையாது. ஊர்க் கோயில் விழாவுக்கும் கூத்துக்கும் தலைக்கட்டு வரி உண்டு. கிறிஸ்தவன் கொடுக்க மாட்டேன் என்றால் மற்றவர் தலையில் அந்தச் சுமை. கோபம் மதக் கொள்கையில் தொடங்கவில்லை, வரிக் கணக்கில் தொடங்கியது. டெல்டா கிராமத்தில் வளர்ந்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இன்னொரு சிக்கல் வழக்கு. மிஷனரியிடம் உடன்படிக்கைப் பாதுகாப்பு இருந்ததால், அவர் ஒரு சீட்டு எழுதினால் மாஜிஸ்திரேட் கச்சேரியில் மரியாதை. நிலத் தகராறு உள்ளவன் சபையில் சேருவான், எதிராளி கத்தோலிக்கரிடம் போவான். வழக்கு முடிந்ததும் இருவரையும் ஞாயிற்றுக்கிழமை பார்க்க முடியாது.

சாதி பற்றிய கேள்விக்கு நேரான பதில்: சாதி இல்லை, ஆனால் வம்சமும் மொழியும் அந்த வேலையைச் செய்தன. ஹக்கா சபை வேறு, புந்தி சபை வேறு. தஞ்சையில் கல்கத்தா பிஷப் வில்சன் 1833ல் சபையில் சாதி வேறுபாடு கூடாது என்று உத்தரவிட்டதும் வேதநாயகம் சாஸ்திரியாரும் மற்ற வேளாளக் கிறிஸ்தவர்களும் எதிர்த்தார்கள். பின்னால் வந்த ஜெர்மன் லுத்தரன்களின் லைப்சிக் மிஷன் இவ்விஷயத்தில் விட்டுக்கொடுத்தது, பலர் அந்தப் பக்கம் போனார்கள். சீனத்தில் இப்படி ஒரே கூரையின் கீழ் சண்டை வரவில்லை, ஏனென்றால் ஒரே கூரையே போடவில்லை. இதைச் சமத்துவம் என்று எழுதிய மிஷன் வரலாறுகளை நாங்கள் நம்புவதில்லை.

நாகப்பட்டினத்தில் இருந்த 'சீனக் கோபுரம்' சீனக் கிறிஸ்தவர்கள் கட்டியதா?
(நாகப்பட்டினம் வாசகர்)

சம்பந்தமே இல்லை. அது பௌத்தக் கட்டடம், செங்கல் கோபுரம். சீனர்கள் அங்கே வந்து போனதைப் பதினான்காம் நூற்றாண்டுச் சீனப் பயணி வாங் தாயுவான் குறிப்பிடுகிறார். ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசர் எழுப்பிய சூடாமணி விகாரமும் நாகையில்தான் இருந்தது. இந்தக் கோபுரத்தை 1867ல் இயேசு சபையார் அரசின் அனுமதியோடு இடித்தார்கள். லுத்தரன்களுக்கு இதில் புண்ணியமும் இல்லை, பாவமும் இல்லை.

தரங்கம்பாடியில் தமிழ் எழுத்து வார்த்து வேதாகமம் அச்சிட்டார்கள். ஆயிரக்கணக்கில் எழுத்துள்ள சீனத்தில் எப்படிச் சமாளித்தார்கள்?
(கும்பகோணம், அச்சகம் நடத்துபவர்)

தொழில் தெரிந்தவர் கேட்பதால் கொஞ்சம் விரிவாக. தமிழ் எழுத்து முதலில் ஹாலேயில் வார்க்கப்பட்டு 1713ல் இங்கே வந்தது. அளவு பெரிது, தாளைத் தின்றது. ஆகவே இங்கேயே சிறிய எழுத்து வார்த்து, நான்கு சுவிசேஷங்களையும் அப்போஸ்தலர் நடபடிகளையும் 1714லும், மிச்சத்தை 1715லும் முடித்தார்கள். தாளுக்குப் பொறையாரில் ஆலை வைத்தார்கள்.

சீனத்தில் அச்சு இயந்திரமே வேண்டாம். நல்ல கையெழுத்துக்காரர் மெல்லிய தாளில் பக்கத்தை எழுதுவார். தாளைக் குப்புற, வழவழப்பாக்கிய மரப்பலகையில் ஒட்டுவார்கள். பேரிக்காய் மரம் அதற்கு விருப்பம், இழை சீரானது. எழுத்தை விட்டு மற்ற இடத்தைச் செதுக்கி எடுத்தால் பலகை தயார். தூரிகையால் மை தடவி, தாளை விரித்து, காய்ந்த தூரிகையால் முதுகில் ஒரு தேய். ஒரு பக்கம் மட்டும் அச்சு, மை மறுபக்கம் ஊறும் என்பதால். தாளை நடுவில் மடித்தால் இரண்டு பக்கம், மடிப்பு வெளியே, தையல் உள்ளே. பலகையை அடுக்கி வைத்தால் ஐம்பது பிரதி வேண்டும் என்றாலும் ஐநூறு வேண்டும் என்றாலும் அப்போதைக்கு எடுத்துக்கொள்ளலாம். பெரிய முதல் போட முடியாத மிஷனுக்கு இது வரப்பிரசாதம்.

குறைகள்: பலகை தேயும், பூச்சி அரிக்கும், பிழை வந்தால் அந்த இடத்தைக் குடைந்து ஆப்பு வைத்து மறுபடி செதுக்க வேண்டும். எழுத்தை மிகச் சிறிதாக்க முடியாது, எனவே முழு வேதாகமம் பல கட்டுகளாகிவிடும். தடை இருந்த காலத்தில் அதிகாரி வந்தால் பலகைதான் சாட்சி. செதுக்கியவர்கள் பயந்து அவற்றை அழித்ததும் உண்டு.

உலோக எழுத்துக்கு வழி செய்தவர்கள் பெரும்பாலும் மற்ற சபையார். பினாங்கிலும் மலாக்காவிலும் லண்டன் மிஷன் சாமுவேல் டையர் எஃகு அச்சுகள் வெட்டினார். அமெரிக்க பிரஸ்பிட்டேரியன் அச்சகத்தின் வில்லியம் கேம்பிள் 1860 வாக்கில் மின்முலாம் முறையில் எழுத்து தயாரித்தார். எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, அடிக்கடி வருவதைக் கைக்கெட்டும் பெட்டியில் வைத்து, அரிதானதைச் சுற்றிலும் தள்ளி வைத்தார். அதற்கும் ஐந்தாயிரத்துக்கு மேல் தனி எழுத்துகள் வேண்டியிருந்தன.

பாசல்காரர்கள் போன வழி வேறு. ஹக்கா பேச்சையே ஜெர்மன் அறிஞர் லெப்சியுஸ் வகுத்த முறைப்படி லத்தீன் எழுத்தில் எழுதி, மத்தேயு சுவிசேஷத்தை 1860ல் பெர்லினில் அச்சிட்டார்கள். மேலும் கீழும் குறி வைத்த எழுத்துகள் கீழை நாட்டு அச்சகங்களில் இல்லை, அதனால் பெர்லின். பள்ளிக்கே போகாத பெண்கள் சில மாதத்தில் படித்துவிட்டார்கள், அது பெரிய லாபம். ஆனால் அந்த எழுத்தைப் படித்தவரால் மிஷன் காம்பவுண்டுக்கு வெளியே ஒரு கடைப் பலகையைக்கூடப் படிக்க முடியாது. பெற்றோர் கேட்டது உண்மையான எழுத்தை. பிறகு சீன எழுத்துக்கே வந்தார்கள்.

எந்த நாட்டு லுத்தரன் எந்தப் பகுதிக்குப் போனார்கள்? நம் டி.இ.எல்.சி. (தமிழ் சுவிசேஷ லுத்தரன் சபை) போல ஒரே சபை உருவானதா?
(திருச்சி வாசகர்)

கேண்டன் நகரம் உள்ள குவாங்தோங் மாகாணம் ஜெர்மானியருக்கு: பாசல், ரைன், பெர்லின். நடுச்சீனம் ஸ்காண்டிநேவியருக்கும் அமெரிக்கா போய்க் குடியேறிய அவர்கள் உறவினருக்கும். 1890ல் வந்த டேனியல் நெல்சனும் அடுத்த ஆண்டு வந்த ரோனிங் முதலானோரும் நார்வே வம்ச அமெரிக்கர்கள். ஹூபேயின் ஃபான்செங், ஹேனான் தெற்கு ஆகியவை இவர்கள் களம். நார்வே மிஷனரி சங்கமும் பின்லாந்து சங்கமும் 1902 வாக்கில் ஹூனானில் இறங்கின. சுவீடன் வம்ச அகஸ்டானா சபை 1905ல் ஹேனானின் சூசாங்கில். டேனிஷ் மிஷன் 1890களில் மஞ்சூரியாவில். அமெரிக்க லுத்தரன்களில் ஒரு பிரிவான மிசௌரி சபையின் வழியில் எட்வர்ட் ஆர்ன்ட் 1913ல் ஹாங்கோ வந்தார்.

ஷாந்தோங் கதை தனி. 1897ல் இரண்டு ஜெர்மன் கத்தோலிக்கப் பாதிரியார்கள் கொல்லப்பட்டதைச் சாக்காக வைத்து ஜெர்மனி ஜியாவ்ஜோ வளைகுடாவையும் அதன் கரையில் உள்ள சிங்தாவையும் பிடித்தது. பின்னாலேயே பெர்லின் மிஷன் வந்தது. வைமார் மிஷனின் ஃபாபர் அங்கே 1899ல் இறந்தார். அவரைத் தொடர்ந்த ரிச்சர்ட் வில்ஹெல்ம் சீனப் பழநூல்களை ஜெர்மனில் பெயர்ப்பதிலேயே வாழ்நாளைக் கழித்தார். ஒருவருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை என்று பெருமையோடு சொன்னவர். 1914ல் ஜப்பான் சிங்தாவைப் பிடித்ததும் கொடியோடு வந்த பணி கொடியோடு ஆட்டம் கண்டது. பெர்லின் மிஷன் 1925ல் அந்தக் களத்தை அமெரிக்க ஐக்கிய லுத்தரன் சபையிடம் ஒப்படைத்தது.

ஒன்றுசேர்ந்த விதம்தான் நமக்கு முக்கியம். அங்கே முதலில் வந்தது செமினரி. 1913ல் ஹாங்கோ பக்கத்து ஷேகோவில் நான்கு சங்கங்கள் சேர்ந்து இறையியல் கல்லூரி தொடங்கின. ஒரே வகுப்பில் படித்த ஹூனான், ஹேனான் மாணவர்கள் வெளியே வந்து ஒரே பாட்டுப் புத்தகம், ஒரே வழிபாட்டு முறை என்று கேட்டார்கள். 1920ல் ஜிகோங் மலையில் சீன லுத்தரன் சபை அமைந்தது. நம் பக்கம் முதல் உலகப் போர் லைப்சிக் மிஷனரிகளை வெளியேற்றியது, சுவீடன் சபை தாங்கிப் பிடித்தது, 1919ல் டி.இ.எல்.சி. பிறந்தது, 1921ல் ஹாய்மன் முதல் பேராயர். அங்கே பேராயர் பதவி இல்லை, தலைவர் பதவிதான்; நார்வேக்காரர்களும் அமெரிக்கர்களும் சுவீடன் வழக்கத்தை ஏற்கவில்லை. மிசௌரிக்காரர்கள் சேரவில்லை, கொள்கை முழுக்க ஒத்துப்போகாமல் ஒரே திருவிருந்துப் பந்தி கூடாது என்பது அவர்கள் விதி. ஆம்பூர், நாகர்கோவில் பக்கம் ஐ.இ.எல்.சி. (இந்திய சுவிசேஷ லுத்தரன் சபை) தனியாக இருப்பதன் பின்னணியும் அதுவே.

மக்கள் குடியரசு வந்தபின் 1950களின் தொடக்கத்துக்குள் வெளிநாட்டவர் வெளியேறினார்கள். 1958ல் எல்லாப் பிரிவுகளும் ஒரே வழிபாடாக இணைக்கப்பட்டன. இன்று சீன நிலப்பரப்பில் லுத்தரன் என்ற தனிச் சபை கிடையாது. ஹாங்காங், தைவானில் உண்டு. ஷேகோ கல்லூரி 1948ல் ஹாங்காங்குக்கு இடம் மாறி இன்றும் நடக்கிறது.

தாமரை மேல் சிலுவை வைத்த சீனக் கோயில் படம் ஒன்றைப் பார்த்தேன். அது லுத்தரனா, பௌத்தமா?
(திருவாரூர் வாசகி)

ஹாங்காங் ஷாடின் மேட்டில் உள்ள தாவ் ஃபோங் ஷான். நிறுவியவர் நார்வே லுத்தரன் கார்ல் லுட்விக் ரைஷெல்ட். 1903ல் சீனம் வந்து ஹூனானில் இருந்தபோது பௌத்த மடங்களைப் பார்த்து, துறவிகளோடு பேச வேறு வகை இடம் வேண்டும் என்று முடிவு செய்தார். 1922ல் நான்கிங்கில் தொடங்கினார். மடத்து முறை அப்படியே: ஊர் சுற்றும் துறவிக்குச் சில நாள் தங்க இடம், சைவச் சாப்பாடு, மணி அடித்து வழிபாடு, ஊதுவத்தி. யாரையும் அவசரப்படுத்துவதில்லை. 1927 நான்கிங் கலவரத்தில் அந்த இடம் நாசமானது. 1930ல் ஹாங்காங்கில் மறுபடி எழுந்தது. கட்டடக் கலைஞர் டென்மார்க்கின் பிரிப்-மோலர், சீன மடங்களை அளந்து படித்தவர். எண்கோண ஆலயம், வளைந்த ஓட்டுக் கூரை.

தாமரைச் சிலுவை ரைஷெல்ட்டின் கற்பனை அல்ல. கி.பி. 781ல் சீனத்துப் பழைய கிறிஸ்தவர்கள் நாட்டிய சியான் கல்வெட்டின் தலையிலேயே இருக்கிறது. ரைஷெல்ட்டின் சொந்தச் சங்கம் அவர் இறையியலைச் சந்தேகித்ததால் அவர் தனியே போக நேர்ந்தது. எங்கள் பார்வையில் அவர் வழி ஆழமானது, ஆனால் சபை கட்டும் வழி அல்ல. வந்த துறவிகள் மீண்டும் நடந்து போய்விடுவார்கள். ஊரும் குடும்பமும் உள்ள ஹக்கா விவசாயி அப்படிப் போக முடியாது.

கோலாலம்பூரில் வேலை பார்க்கும் என் மகன், அங்கே தமிழ் லுத்தரன் சபையும் சீன லுத்தரன் சபையும் தனித்தனியே உள்ளதாகச் சொல்கிறான். ஏன்?
(சீர்காழி வாசகர்)

வந்த வழி வேறு. தமிழ்ச் சபை நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் போன நம் ஆட்களின் சபை. லைப்சிக் மிஷனும் பிறகு டி.இ.எல்.சி.யும் ஐயர்மாரை அனுப்பிக் கவனித்தன. 1960களின் தொடக்கத்தில் அது தனிச் சபையானது. சீனச் சபைகள் இரண்டு வகை. ஒன்று சபா மாநிலத்தில்: வட போர்னியோ கம்பெனிக்குக் குடியானவர் தேவைப்பட்டபோது லெக்லர் ஏற்பாட்டில் ஹக்காக் கிறிஸ்தவர்கள் போனார்கள், 1883ல் குடாட்டில் இறங்கினார்கள். போதகர் இல்லாமலே வழிபாடு நடத்திச் சபையைத் தாங்களே காத்தார்கள். அதுதான் பாசல் கிறிஸ்தவ சபை. மற்றது மேற்கு மலேசியாவில்: கம்யூனிஸ்ட் போராட்ட காலத்தில், 1950 முதல், லட்சக்கணக்கான சீனர்களை ஆங்கில அரசு முள்வேலிப் புதுக்கிராமங்களில் குடியேற்றியது. சீனத்திலிருந்து வெளியேறிய அமெரிக்க லுத்தரன் மிஷனரிகளில் சிலர் அங்கே வந்து மருந்தகமும் வழிபாடும் தொடங்கினார்கள். மொழி வேறு, அனுப்பிய சங்கம் வேறு, ஆகவே நிர்வாகமும் வேறு. உங்கள் மகன் எந்தச் சபைக்குப் போனாலும் பந்தியில் கலந்துகொள்ளத் தடை இருக்காது.

சீன மிஷன் பற்றி ஆய்வு செய்ய ஆசை. எங்கே தொடங்குவது?
(மன்னார்குடி, ஆய்வு மாணவர்)

ஊரில் தொடங்காதீர்கள், சங்கத்தில் தொடங்குங்கள். பாசல் என்றால் பாசல் ஆவணக்காப்பகம், ரைன் என்றால் வுப்பர்டால், நார்வே என்றால் ஸ்டாவாங்கர், தரங்கம்பாடி என்றால் ஹாலே. பாசலின் பழைய புகைப்படங்களை இணையத்திலேயே பார்க்கலாம்.

அடுத்து ஊர்ப் பெயர். பழைய ஆவணத்தில் 'இயாங்' என்றிருப்பது இன்றைய வரைபடத்தில் யியாங், 'கிகுங்ஷான்' ஜிகோங் மலை, 'சிங்டாவ்' சிங்தாவ், 'ஃபான்செங்' இப்போது சியாங்யாங் நகரத்தின் ஒரு பகுதி. 'கேண்டன்' என்றால் நகரமா மாகாணமா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். ஆட்பெயர் அதைவிடச் சிக்கல். பாசல்காரர்கள் ஹக்கா உச்சரிப்பை ஜெர்மன் எழுத்துக்கூட்டில் எழுதினார்கள், அதனால் ஜாங் 'சோங்' ஆகியிருப்பார். சீன எழுத்து வடிவம் கிடைக்கும்வரை இருவரை ஒருவர் என்றோ ஒருவரை இருவர் என்றோ முடிவு செய்யாதீர்கள்.

1940 வரை ஜெர்மன் கையெழுத்து பெரும்பாலும் பழைய குரெண்ட் வடிவம். இன்று ஜெர்மன் படித்தவருக்கும் அது உடனே புரியாது. எழுத்துப் பட்டியலை வைத்துக்கொண்டு சில வாரம் பழக வேண்டும். அதுவரை அச்சிட்ட ஆண்டறிக்கைகளைப் படியுங்கள். ஆனால் அவை நன்கொடையாளருக்காகத் திருத்தி எழுதப்பட்டவை. எண்ணிக்கை எதையாவது எடுத்தால், அதே ஆண்டின் கையெழுத்துக் கடிதத்தோடு ஒப்பிட்ட பிறகே உங்கள் ஆய்வேட்டில் போடுங்கள்.